குங்குமப்பூ: பாலில் போடும் முன்னும் பணம் போடும் முன்னும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் குங்குமப்பூ டப்பாவோடு வந்து நிற்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனாக இருக்கலாம், வளைகாப்புக்கு வரும் சித்தியாக இருக்கலாம். "தினமும் பால்ல போட்டுக் குடி, கொழந்த செவப்பா பொறக்கும்" என்ற வாக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

பிறக்காது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின் என்ற நிறமி. அது எவ்வளவு சுரக்கும் என்பது அப்பா அம்மாவின் மரபணுவில் இருக்கிறது. பாலை மஞ்சளாக்கும் குரோசின் என்ற நிறமிக்கும் குழந்தையின் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. (கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன என்று கேட்கிற மாமியார்கள் நம் ஊரில் இன்னும் கொஞ்சம் பெருகலாம்.)

நிறம் வராததால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாலோடு சேர்த்தே இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கினால் நஷ்டம் உண்டு. பாலில் உள்ள கால்சியம், இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். டீ, காபியும் அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையை வாங்கி வந்து, அதன் பலனைப் பாலிலேயே கரைத்துவிடுவது போல ஆகிவிடும். மாத்திரைக்கும் பாலுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். ரத்தசோகை இருக்கும் பெண்ணுக்குக் குங்குமப்பூ மருந்தே அல்ல. அந்தக் காசுக்கு முட்டை, கீரை, பேரீச்சை வாங்கிக் கொடுக்கிறவர்தான் என் கணக்கில் நல்ல உறவினர்.

அடுத்தது அளவு. பாலில் இரண்டு மூன்று இழை என்பது சமையல் அளவு. பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை. 'கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது' என்று கிள்ளிக் கிள்ளிப் போடுவதுதான் ஆபத்து. அதிக அளவில் அது கருப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடியது. ஒரு நாளில் 5 கிராமைத் தாண்டினால் யாருக்குமே நஞ்சு. கர்ப்பிணிகள் குங்குமப்பூ மாத்திரை, கேப்சூல் பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

மனச்சோர்வுக்கு இது கைகொடுக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வெறும் புரளி இல்லை. நாளுக்கு 30 மில்லிகிராம் சாறு கொடுத்து ஈரானில் ஆய்வுகள் நடந்தன. லேசான, நடுத்தர மனச்சோர்வில் பலன் தெரிந்தது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். அதை நம்பி, போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு.

இனி கடைக்கு வருவோம். ஒரு பூவில் கிடைப்பது மூன்றே மூன்று சூலக இழைகள். ஒரு கிலோவுக்குச் சுமார் 1,50,000 பூக்கள் வேண்டும். எல்லாம் கையால் பறிப்பது. ஒரு கிராமுக்கே ஏறக்குறைய 150 பூ. அப்படியிருக்க, ஐம்பது ரூபாய்க்கு டப்பா நிறையக் கிடைத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் குசும்பாப் பூவின் இதழோ, சாயம் தோய்த்த மக்காச்சோள நாரோதான். தூளாக வாங்கவே வாங்காதீர்கள், இழையாக வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு இழை போட்டுப் பாருங்கள். அசல் என்றால் நிதானமாகப் பொன்மஞ்சள் இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதுமே தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம். நாக்கில் வைத்தால் லேசாகக் கசக்க வேண்டும். இனித்தால் சர்க்கரைப் பாகு பூசியிருக்கிறார்கள். காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டப்பாவில் அதையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பாருங்கள். 'மோங்ரா' என்றால் சிவந்த பகுதி மட்டும். 'லச்சா' என்றால் அடியில் மஞ்சள் காம்பும் சேர்ந்தது, விலை குறைவு.

வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். அடுப்பில் பாலோடு கொதிக்க விட்டால் மணம் போய்விடும். சூடான பாலில் கால் மணி நேரம் ஊறினால் போதும்.

கடைசியாக, விவசாயம். ஓசூரில் ரோஜா வருகிறதே, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்ச்சிதானே, குங்குமப்பூ வராதா என்ற கேள்வி வரத்தான் செய்யும். 'குங்குமப்பூ விதை' என்று இணையத்தில் விற்பவரிடம் மட்டும் பணம் போடாதீர்கள். இந்தச் செடி விதையே வைக்காது, கிழங்கிலிருந்துதான் பெருகும். கிழங்கு என்று சொல்லி, பார்க்க அதே போலப் பூக்கும் 'கோல்சிகம்' என்ற வேறு செடி வந்துவிட்டாலோ விஷயம் வேறு. நம் வேலியோரச் செங்காந்தளில் இருக்கும் அதே கோல்ச்சிசின் நஞ்சு அதிலும் உண்டு. பூத்தால் மகரந்தத் தாளை எண்ணுங்கள்: குங்குமப்பூவுக்கு மூன்று, கோல்சிகத்துக்கு ஆறு.

அசல் கிழங்கே கிடைத்தாலும் அது பூப்பது அக்டோபர், நவம்பரில். குங்குமப்பூ விளையும் காஷ்மீரின் பாம்பூரில் அப்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஈர மண்ணில் கிழங்கு அழுகும். அறைக்குள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தி வளர்க்கலாம்தான். ஆனால் பூ மொட்டு வெளிவர 15 முதல் 17 டிகிரி குளிர் வேண்டும், பூத்த பிறகு அதே கிழங்குக்கு மண்ணும் வெளிச்சமும் கொடுத்தால்தான் அடுத்த ஆண்டுக்குக் குட்டிக் கிழங்கு கிடைக்கும். இந்த அறை வளர்ப்புக்குப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் முதல் பாதியைத்தான் உற்சாகமாகச் சொல்வார்கள். கட்டணம் கட்டும் முன், இரண்டாம் ஆண்டுக் கிழங்கில் பூத்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த அறையின் மின்கட்டண ரசீதையும்.