காதலர் பேசாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும்: இராமநாதபுரக் கடற்கரையில் மாயாஜாலத் தொடர் எழுதுகிறவர்களுக்கு

வேறொரு பெண்ணோடு பார்த்துச் சந்தேகப்பட்ட காதலியிடம் "அவ என் சித்தி மக" என்று கதாநாயகன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை அன்றே தீர்ந்திருக்கும். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டுகிறார்கள், அவள் அழுதுகொண்டே ஓடிப்போகிறாள், நாற்பது அத்தியாயம் கழிகிறது. நெடிய மாயாஜாலத் தொடர்களில் வாசகரை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான்.

இராமநாதபுரக் கடற்கரையைக் களமாக எடுத்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊடல் வயல் நிலமான மருதத்துக்கு உரியது, கடற்கரையான நெய்தலுக்கு இரங்கல், அதாவது பிரிவால் வருந்துவது என்று இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே இங்கே காதலரை முகம் திருப்ப வைக்காதீர்கள். பேச விடுங்கள், சொல் மட்டும் போய்ச் சேரக்கூடாது. அப்படி எழுதினால் வாசகர் இருவர் மேலும் கோபப்பட மாட்டார், இருவருக்காகவும் தவிப்பார்.

முதல் வேலை, சண்டையைத் தீர்க்கக்கூடிய அந்த ஒற்றை வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுவது. அதன் கீழே இருவரும் நேருக்கு நேர் சந்திக்கும் ஒவ்வொரு அத்தியாயத்தின் எண்ணையும் போட்டு, அங்கே அந்த வாக்கியம் ஏன் வரவில்லை என்று பக்கத்திலேயே குறியுங்கள். "கோபம்" என்ற காரணம் ஒரு அத்தியாயத்துக்குத் தாங்கும். "வெட்கம்" இரண்டுக்குத் தாங்கலாம். அதற்கு மேல் வெறும் மனநிலையை வைத்து ஓட்ட முடியாது. வெளியே இருந்து ஒரு தடை வேண்டும்.

தடையைத் தேடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இராமேசுவரம் விசைப்படகில் போன கதாநாயகன் இருபது நாள் கடலிலேயே இருந்ததாக எழுதுவது ஒரு தவறு. அந்தப் படகுகள் காலையில் கிளம்பி மறுநாள் காலையில் திரும்பிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவை கரையிலேயே கட்டிக் கிடக்கும். அப்போது அவனை ஊரைவிட்டு அகற்ற வேண்டுமானால் வெளியூர் வேலைக்கு அனுப்புங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனை நிறுத்திய நாளிலும் ஆண்கள் கரையில்தான் இருப்பார்கள். புயலைக் காரணம் காட்டிப் பிரித்தால் கணக்கு இடிக்கும்.

பாம்பன் பாலமும் அப்படித்தான். காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், உண்மை. ஆனால் 1988-லிருந்து பக்கத்திலேயே சாலைப் பாலம் இருக்கிறது. "பஸ்ஸுல வந்திருக்கலாமே?" என்று பாலத்தின் இக்கரை ஊரான மண்டபத்து வாசகர் முதல் பின்னூட்டத்திலேயே கேட்பார். ரயில் நிற்பதை வைத்தே ஆக வேண்டுமென்றால் கதையை 1988-க்கு முன்னால் கொண்டுபோங்கள்.

நம்பகமான தடை பருவத்தில் இருக்கிறது. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கெடும்; தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கெடும். நாட்டுப்படகுக்காரர்கள் அதற்கேற்ப வடகடலுக்கும் (பாக் நீரிணை) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) மாறுவார்கள். காற்று மாறும் நாள் வாசகருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், பிரிவுக்கு ஒரு முடிவும் தானாகக் கிடைத்துவிடுகிறது. சின்னத் தடைக்குக் கடற்பாசி எடுக்கும் வேலையைப் பாருங்கள். பாறை கிழிக்காமல் இருக்க அவள் விரல்களில் துணிச்சுற்று, கண்ணில் கண்ணாடி, காலில் தகடு. போன் படகில் நெகிழிப் பைக்குள் கிடக்கிறது. அவன் முதலில் கோபமாக ஒரு குரல்பதிவு அனுப்பிவிட்டு, மனம் மாறி இரண்டாவது ஒன்று அனுப்புகிறான். அவள் ஈர விரலால் முதலாவதைத் திறக்கிறாள், சார்ஜ் இறங்கிவிடுகிறது. இது ஒரு மாலைக்குப் போதும். மறுநாளும் இதையே செய்யாதீர்கள்.

பத்து அத்தியாயத்துக்கு மேல் நீள வேண்டுமென்றால் மாயம் தேவைப்படும், அந்த மாயத்துக்கு விலையும் வேண்டும். இப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சங்குக்குள் செய்த சத்தியத்தை எவரிடம் வெளியே சொன்னாலும், கேட்டவரின் நினைவிலிருந்து சொன்னவர் அழிந்துபோவார். இப்போது அவன் மௌனத்துக்கு அன்பே காரணமாகிறது. விதியைச் சண்டை தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து அத்தியாயம் முன்பே, வேறொரு ஜோடிக்கு நடப்பதாகக் காட்டிவிட வேண்டும். ஓட்டைகளையும் அங்கேயே அடையுங்கள்: எழுதிக் காட்டினால்? சைகை செய்தால்? மூன்றாம் ஆள் சொன்னால்? கடைசிக் கேள்வி முக்கியம். மீன் ஏலம் போடுகிற இடத்தில் காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மதினியோ மச்சானோ அறியாத ரகசியத்தை இந்த ஊர்களில் நம்பும்படி எழுத முடியாது. அவர்களுக்குத் தெரியட்டும், அரைகுறையாக.

காட்சியை எழுதும்போது அவள் நேராகக் கேட்க வேண்டும். கேட்காமல் ஊகித்துக்கொள்ளும் பெண்ணை வாசகர் மன்னிப்பதில்லை.

"அந்தச் சங்க யாருக்குக் குடுத்த?"
"கேக்காத செல்வி."
"கேட்டா?"
"கேட்டா சொல்லிருவேன்."

அவள் தோளில் கிடந்த ஈரத் துணியை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்து முடித்தும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

இந்த நான்கு வரியில் யாரும் யாரையும் குறுக்கிடவில்லை, கதவு தட்டப்படவில்லை. இருந்தும் உண்மை வெளிவரவில்லை. அதன் விலை வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

நீளத்தை வாசகரின் நாட்காட்டியில் கணக்கிடுங்கள். வாரம் இரண்டு அத்தியாயம் போட்டால், 15 அத்தியாயச் சண்டை வாசகருக்கு ஏழரை வாரம். கதைக்குள் அது மூன்றே நாளாக இருக்கலாம்; காத்திருப்பவருக்கு அந்தச் சமாதானம் செல்லாது. உப்பைப் போல அளவாக இருக்க வேண்டியது புலவி என்று குறளே சொல்கிறது. 15-ஐத் தாண்டினால் நடுவில் பாதி உண்மையை அவிழ்த்துவிடுங்கள். மீதிப் பாதி அதைவிடப் பெரிய சிக்கலாக இருக்கட்டும்.

இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துப் போவதைப் பிரிவுக்கான சுலப வழியாக எடுத்தாளாதீர்கள். அங்கே காவல் நீட்டிப்பு தள்ளித் தள்ளிப் போவதை வாழ்ந்து பார்த்த குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய. எடுத்தால் முழுசாக எழுதுங்கள்: வழக்கு, படகுக் கடன், வீட்டுச் செலவு எல்லாம் வர வேண்டும்.

உண்மை வெளிவந்த பிறகு உடனே கட்டியணைக்க வைக்க வேண்டாம். இழந்த மாதங்களுக்காக அவள் கோபப்பட இரண்டு அத்தியாயமாவது கொடுங்கள். பதிவேற்றும் முன் ஜோடி வரும் காட்சிகளை மட்டும் தனியே பிரித்து, வரிசையாக ஒரே மூச்சில் படியுங்கள். 34-ஆம் அத்தியாயத்தில் தெரியவேண்டியதை அவள் 31-இலேயே பேசிவிடுவது அப்போதுதான் கண்ணில் படும்.