ஃபுளூ வைரஸ் எந்த ஏற்பியைப் பற்றுகிறது: சிவப்பணு ஒட்டுச் சோதனை

ஃபுளூ வைரஸின் மேலே முள்முள்ளாக நிற்கும் புரதங்களில் செல்லைப் பற்றுவது ஹீமகுளூட்டினின். அது பற்றும் இடம், அதாவது ஏற்பி, செல்லின் சர்க்கரைச் சங்கிலி நுனியில் உள்ள சயாலிக் அமிலம். ஒற்றைப் பிடி மிகவும் தளர்வானது. பல முட்கள் ஒருசேரப் பிடிப்பதால்தான் வைரஸ் நிற்கிறது. சிவப்பணுவிலும் சயாலிக் அமிலம் இருப்பதால் வைரஸ் கலந்தால் அணுக்கள் பின்னி வலையாகும். 1941இல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கோழிச் சிவப்பணுவில் கண்டது இதைத்தான்.

பாதித் தவறு ரத்தத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. சயாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணையும் விதம் இங்கே முக்கியமாக இரண்டு: ஆல்ஃபா 2,6, ஆல்ஃபா 2,3. மனித ஃபுளூ 2,6 பிணைப்பையும் பறவை ஃபுளூ 2,3 பிணைப்பையும் விரும்பும். குதிரை அணுவில் கிட்டத்தட்ட முழுக்க 2,3தான். கினிப் பன்றியில் 2,6 மிகுதி. கோழி, வான்கோழியில் இரண்டும் உண்டு. மனித வைரஸைக் குதிரை அணுவில் போட்டுவிட்டு ‘வைரஸ் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஹீமகுளூட்டினினின் 226, 228ஆம் இடங்களில் இரண்டே அமினோ அமிலங்கள் மாறினால் போதும், எச்2, எச்3 என்ற அதன் வகைகளில் இந்த விருப்பம் 2,3இலிருந்து 2,6க்குத் திரும்பிவிடும்.

ரத்தம் உறையாமல் காக்கும் ஆல்சீவர் கரைசலில் எடுத்த ரத்தத்தை பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவி, மேலே படியும் வெள்ளணுப் படலத்தை உறிஞ்சி எடுங்கள். மேல்நீர் சிவந்தால் அணு உடைந்திருக்கிறது; கொட்டிவிடுங்கள். கோழி அணுவை 0.5 சதவீதமாக்கி வி வடிவக் குழித்தட்டிலும், கினிப் பன்றி அணுவை 0.75 சதவீதமாக்கி யு வடிவத் தட்டிலும் பயன்படுத்துங்கள்.

12 குழிகளிலும் 50 மைக்ரோலிட்டர் பிபிஎஸ். முதல் குழியில் 50 வைரஸ் சேர்த்துக் கலக்கி, அதில் 50 எடுத்து அடுத்ததற்கு, இப்படியே 11வது வரை. கடைசி 50ஐ வெளியேற்றுங்கள். 12வது குழி வைரஸ் இல்லாத ஒப்பீடு. எல்லாவற்றிலும் 50 அணுக் கலவை ஊற்றி, தட்டை மெதுவாகத் தட்டிக் கலந்து அறை வெப்பத்தில் விடுங்கள். கோழிக்கு 30 நிமிடம், கினிப் பன்றிக்கு 60.

கோழி அணுத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஒட்டாத அணு அடியில் பொத்தானாகக் குவிந்து, சாய்த்ததும் கண்ணீர்த் துளிபோல வழியும், ஒட்டியது வழியாது. கினிப் பன்றி அணுவில் ஒட்டாதது வளையமாகத் தெரியும், அதற்குச் சாய்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குழியிலும் வைரஸ் பாதியாக நீர்க்கிறது; எனவே முழுமையாக ஒட்டிய கடைசிக் குழி 7 என்றால் (ஏழு முறை இரட்டிப்பு) வைரஸின் அளவு 128. ஒப்பீட்டுக் குழியே வழியாவிட்டால் (கினிப் பன்றியில் வளையம் தெரியாவிட்டால்) அந்தத் தட்டை நம்பாதீர்கள்.

முதலில் ஒட்டிப் பிறகு பொத்தானாகிவிட்டால் அது வைரஸின் மேல் உள்ள இன்னொரு முள்ளான நியூராமினிடேஸின் வேலை. அந்த நொதி சயாலிக் அமிலத்தை வெட்டி வைரஸைக் கழற்றிவிடும். 4 டிகிரியில் வைத்தால் வேகம் குறையும். சயாலிக் அமிலம் வெட்டப்பட்டு மொட்டையான அணுவில் அதே வைரஸை மறுபடி போட்டாலும் ஒட்டாது.

அண்மைக்கால எச்3என்2 வைரஸ்களில் இன்னொரு ஏமாற்று உண்டு: சிலவற்றில் நியூராமினிடேஸே ஏற்பியைப் பற்றிக்கொள்ளும், நீங்கள் ஹீமகுளூட்டினினை அளப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நியூராமினிடேஸைத் தடுக்கும் ஃபுளூ மருந்தான ஓசெல்டமிவிர் கார்பாக்சிலேட்டை 20 நானோமோலார் செறிவில் சேர்த்தால் அந்தப் பிடி விலகும். மருந்துக்கடை மாத்திரையில் இருப்பது ஓசெல்டமிவிர் பாஸ்பேட்; உடலில் மாறிய பிறகே அது வேலை செய்யும், குழியில் செய்யாது.