ஹேக் போனா சீன்ட்யே மெஸ்டாக்கை எப்படி பாக்கணும்

நெதர்லாந்துல இருக்கற ஹேக் நகரத்துல பனோரமா மெஸ்டாக்ங்கற வட்டமான பெரிய ஓவியத்தை பாத்துட்டு வர்றவங்க எல்லாம் ஓவியர் ஹென்ட்ரிக் மெஸ்டாக் பேரைத்தான் சொல்லுவாங்க, அதுல அவர் பொண்டாட்டி சீன்ட்யே (பொறந்த வீட்டுப் பேர் வான் ஹவுட்டன்) கையும் இருக்குன்னு பாதி பேருக்கு தெரியவே தெரியாது. அதனால போறதே அவங்களுக்காகன்னு வச்சுக்கங்க.

மொதல்ல பனோரமா. இருட்டு வழியில நடந்து படி ஏறினா நடுவுல மேடை, சுத்தி 14 மீட்டர் உயரம், ஏறக்குறைய 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே படம், 1881ல முடிச்சது, ஹேக் பக்கத்துல இருக்கற ஸ்கேவெனிங்கன் கடற்கரை. ஏறினதும் கடல் பக்கம் பாக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. திரும்பி ஊர்ப்பக்கம் பாருங்க, அந்த வீடுங்கள்ல சீன்ட்யே வேலை பண்ணியிருக்காங்க. அப்புறம் மணல்ல ஒரு வெள்ளை குடையை தேடுங்க, அதுக்கு கீழ ஈசல் போட்டு (நம்ம ஊரு மழைக்கு வர்ற ஈசல் இல்ல, படம் வரையற ஸ்டாண்டு) உக்காந்திருக்கறது அவங்களேதான், புருஷன் வரைஞ்சது. அவசரப்படாம நில்லுங்க, மேல இருந்து நெஜ வெளிச்சம் வருது, வெளிய மேகம் மூடினா உள்ள இருக்கற கடற்கரையும் மங்கிடும்.

அடுத்து மெஸ்டாக் கலெக்‌ஷன், நடந்தே போயிடலாம். 1887ல அவங்க வீட்டுக்கு பக்கத்துலயே கட்டின மியூசியம், 1903ல அரசாங்கத்துக்கே குடுத்துட்டாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க, ஹென்ட்ரிக் பேங்க் வேலையை விட்டுட்டு ஓவியர் ஆக முடிஞ்சதே சீன்ட்யேக்கு அப்பா வழியில வந்த சொத்தாலதான். 1871ல ஒரே பையன் எட்டு வயசுல செத்துப்போனான், அதுக்கப்புறம்தான், முப்பத்தஞ்சு தாண்டின வயசுல, சீன்ட்யே முழுசா பிரஷ்ஷை எடுத்தாங்க.

படம் பாக்கும்போது தூரத்துல இருந்து ஆரம்பிங்க. ஆள் இல்லாத பொட்டல், புதர், ஆட்டுப்பட்டி, மணல்மேடுன்னு வரைவாங்க, சட்டுனு கண்ணை இழுக்கற கலர் எதுவும் இருக்காது, மொத பார்வைக்கு கொஞ்சம் போரடிக்கும், சொல்லிட்டேன். கிட்ட போனா பெயின்ட்டை தடிமனா இழுத்து விட்டிருக்கறது தெரியும், புல்லை ஒவ்வொண்ணா வரையற பொறுமை எல்லாம் இல்ல. எனக்கு புருஷனோட கடலை விட இதுதான் பிடிக்கும்.

அந்த சின்ன மியூசியம் எல்லா நாளும் தொறந்திருக்காது, அவங்க படம் எது இப்ப மாட்டியிருக்குன்னும் சேத்து செக் பண்ணிட்டு கெளம்புங்க.