தெருவின் கதையைச் சுவரில் எழுத: பெரம்பூரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஓவியரைத் தேடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்ற பழமொழியை இந்த வேலையில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கம் காசு சேர்த்து வரைந்த ஓவியம் இரண்டே மழையில் தோலுரிந்து நிற்கிறது என்றால், பெரும்பாலும் வண்ணத்தின் மேல் தவறு இருக்காது. அதன் அடியில் இருந்த பழைய சுண்ணாம்புதான் காரணமாக இருக்கும்.

சென்னை பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்துத் தெரு ஒன்றில் 40 அடி நீளம், 12 அடி உயரம், அதாவது 480 சதுர அடிச் சுவர் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் மூன்று சோதனைகள். அகல டேப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் அது சுண்ணாம்போ டிஸ்டம்பரோதான். அடிப்பூச்சு தெரியும்வரை முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும். இரண்டாவதாக, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. மூன்றாவதாக, சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். அங்கே மண் குவிந்திருக்கலாம், தண்ணீர்த் தொட்டி கசியலாம், தினமும் தண்ணீர் ஊற்றுகிற பூந்தோட்டம் இருக்கலாம். எது இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் முன்பக்கம் எவ்வளவு செலவழித்தாலும் வீண். காம்பவுண்ட் சுவரானால் தலைப்பகுதியையும் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் மழைநீர் அதன் வழியாக உள்ளே இறங்கி வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். கொத்தனாரைக் கூப்பிட்டு, மேல்தலையில் பின்பக்கமாகச் சரிவு வைத்துச் சிமென்ட் பூசச் சொல்லுங்கள். புதுப் பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும்.

அடுத்தது அனுமதி. சுவர் யாருடையது என்பதில் ஊகம் கூடாது. மாநகராட்சிப் பள்ளிச் சுவர், ரயில்வே சுவர், மின்வாரியச் சுவர், தனியார் சுவர் ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு. பொது இடத்தை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆகவே கவுன்சிலர் வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சுவரின் படம், அளவு, வரையப்போகும் மாதிரி, வேலை நடக்கும் தேதிகள், பராமரிப்பவர் பெயர், எத்தனை ஆண்டுகள் வெள்ளையடிக்க மாட்டார்கள் என்பது, எல்லாம் அடங்கிய கடிதத்தில் கையெழுத்து வேண்டும். சாரம் நடைபாதையில் நிற்குமானால் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

இனி, எதை வரைவது? கூட்டம் போட்டு “என்ன படம் வேண்டும்?” என்று கேட்டால் சாமி படம், தலைவர் படம், கிரிக்கெட் வீரர் படம் என்று மூன்று பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். “இந்தத் தெருவில் முன்பு கேட்டு இப்போது கேட்காத சத்தம் எது?”, “உங்கள் அப்பா காலையில் எந்த வழியாக வேலைக்குப் போனார்?”, “இந்த இடத்துக்குப் பெரியவர்கள் வைத்த பெயர் என்ன?” இப்படிக் கேட்டால் ஆலைச் சங்கு வரும், ரயில்வே பணிமனை வரும், கைப்பிடி தேய்ந்த டிபன் கேரியர் வரும். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசுவார்கள். அதனால் ஒரு பெரிய கூட்டத்தைவிடப் பத்து வீட்டுக்குப் போவது மேல். மதியம் பெண்களையும் மாலையில் வேலை முடிந்து வருபவர்களையும் தனித்தனியே பாருங்கள்.

கேட்டதைச் சரிபார்த்த பிறகே சுவரில் ஏற்ற வேண்டும். பெரம்பூருக்கு உறுதியான வரலாறு நிறையவே இருக்கிறது. பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) நெசவாலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா அதன் தலைவர். திரு.வி.க. அதற்குத் தோள் கொடுத்தார். 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. இவை மார்தட்டி வரைய வேண்டியவை.

ஆனால் அதே ஆலையின் 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சங்கக் கொடியை மட்டும் பெரிதாக வரைந்து இதைத் தாண்டிப் போனால், அந்த நினைவைச் சுமக்கும் தெருக்காரர்களுக்கு இந்தச் சுவர் தங்களுடையதாகத் தோன்றாது. இரு தரப்புப் பெரியவர்களோடும் உட்கார்ந்து மாதிரியைப் பேசி முடித்த பிறகே ஓவியரிடம் போங்கள். தலைவர்களின் முகத்தைவிட வேலை செய்யும் கைகளையும் கருவிகளையும் வரைவது நல்லது என்பதே எங்கள் கருத்து. தறி, நூல்கண்டு, எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை, சைக்கிள் கேரியரில் மாட்டிய சாப்பாட்டுக் கூடை, இவற்றுக்கு எல்லோரும் சொந்தம் கொண்டாடலாம்.

இதில் நடைமுறைக் காரணமும் உண்டு. தேர்தல் நடத்தை விதி வந்ததும் அரசியல் தலைவர் படமுள்ள பொதுச் சுவர்களை மறைப்பார்கள், அல்லது வெள்ளையடிப்பார்கள். கட்சிக் கொடியோ சாதிச் சங்கக் கொடியோ நினைவுக்கு வருகிற வண்ண வரிசையும் வேண்டாம். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனிடம் மாதிரியைக் காட்டி “என்ன தெரியுது?” என்று கேளுங்கள், போதும். வாழும் மனிதரின் முகத்தை வரைவதானால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குடும்பப் படங்களை அந்த வீட்டிலேயே படமெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓவியர் தேர்வில், பிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்த பேனர் ஓவியர்களை மறக்க வேண்டாம். 12 அடி முகத்தைக் கண் அளவிலேயே போடக்கூடிய கை அவர்களுடையது. பழைய வேலையைப் பார்க்கப் போகும்போது புதுச் சுவரைப் பார்க்காதீர்கள், மூன்று மழைக்காலம் கண்ட சுவரைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் மாதிரி வரைவதற்கான கூலி தனியாக இருக்கட்டும். இரண்டு முறை திருத்தம் என்று எல்லை வையுங்கள். “சதுர அடிக்கு இவ்வளவு” என்று ஓவியர் சொல்லும்போது, சாரம், பிரைமர், சுரண்டும் கூலி எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். தகராறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். பணத்தை மாதிரி ஒப்புதல், பாதி வேலை, முடிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். பதிப்புரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். 1957 சட்டப்படி, கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் ஓவியரின் பெயர் உரிமையும், படைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற உரிமையும் அவரிடமே இருக்கும். டெல்லியில் விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டு அரங்கிலிருந்து அரசு கழற்றிய, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்ப வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சுவரை இடிக்க நேர்ந்தால் ஓவியருக்கு எத்தனை நாள் முன்பு சொல்வது என்பதை இப்போதே எழுதிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காய, ஜனவரி பாதியாகும். அதிலிருந்து மார்ச் முடியும்வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் வண்ணம் பிரஷிலேயே காய்ந்துவிடும். மேற்குப் பார்த்த சுவரில் காலையில் மட்டும் வேலை செய்யுங்கள்.

உப்புப் பூத்த இடத்தைக் கம்பி பிரஷால் உலர்ந்தபடியே தேய்த்து, விழும் தூளைக் கூட்டி அள்ளுங்கள். முதலிலேயே தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து, சில மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். வெடிப்பை உளியால் சற்று அகலமாக்கி, வெளிச்சுவருக்கான நிரப்பியால் அடையுங்கள். வழவழப்புக்காகச் சுவர் முழுக்கப் பட்டி (புட்டி மாவு) பார்க்காதீர்கள், ஓதம் ஏறினால் முதலில் பெயர்வது அதுதான். பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

நம் 480 சதுர அடிக்கு வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட்டுக்கு 5 முதல் 6 லிட்டர், அடிநிற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு சுமார் 10 லிட்டர், படத்துக்கான வண்ணங்கள் எல்லாம் சேர்த்து 8 முதல் 10 லிட்டர் பிடிக்கும். கோட்டுக்குக் கோட்டு 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெள்ளையில் ஸ்டெய்னரை (நிறம் கூட்டும் சாயக் கலவையை) தாராளமாக ஊற்றிக் கலக்குவது வேண்டாம். படலம் வலுவிழந்து மழையில் ஒழுகும். கடையில் இயந்திரத்தில் கலந்து வாங்கி, நிற எண்ணை மூடியில் எழுதுங்கள். செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு வெயிலைத் தாங்கும். பளீர் ரோஜாவும் பளீர் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், அவற்றைப் பெரிய பரப்பில் போடாதீர்கள்.

ஓரடிக் கட்டம் போட்டு நூல் அடித்து, சாக்பீஸால் வரைந்த பின் தெருமுனை வரை பின்னால் போய்ப் பாருங்கள். மேல்பகுதி உருவங்கள் கீழிருந்து பார்க்கும்போது குறுகித் தெரியும், சற்றே நீட்டிப் போட வேண்டும். எழுத்து வருகிற இடத்தை இருவர் படித்துப் பார்க்கட்டும், ஓர் ஒற்றுப் பிழை ஐந்து வருடம் அங்கேயே இருக்கும். சாரத்திலிருந்து மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தெருப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தரையிலிருந்து 4 அடிக்குள் பெரிய ஒற்றை நிறப் பகுதிகளை எல்லை போட்டு எண் எழுதி வைத்து, ஐந்தைந்து பேராக முக்கால் மணி நேரம் விடுங்கள். வெளிக்கோட்டை ஓவியர் பிறகு இழுத்துக்கொள்வார்.

அடியில் 2 அடிக்குப் படம் வேண்டாம், அடர் நிறப் பட்டை போதும். சேறு தெறிப்பதும் உதைபடுவதும் அங்கேதான். சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் போடச் சொல்வார்கள். அதைவிட அங்கே ஒரு விளக்கு போடுங்கள், சாக்கடையை மூடுங்கள். ஓவியர் பெயரையும் ஆண்டையும் வலது கீழ்மூலையில், பட்டைக்கு மேலே எழுதச் சொல்லுங்கள்.

முதல் போஸ்டர் ஒட்டிய அன்றே எடுத்துவிட வேண்டும். கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகடால் தள்ளினால் மைதாப் பசையோடு வந்துவிடும். இரும்புத் தகடு வண்ணத்தையும் சேர்த்துப் பெயர்க்கும். மிச்ச வண்ணத்தில் நிறத்துக்கு அரை லிட்டர் வீதம் இறுக மூடி நிழலில் வையுங்கள். நிற எண் பட்டியலையும் அனுமதிக் கடித நகலையும் சங்கச் செயலாளர் ஒருவர், தெருக்காரர் ஒருவர் என இருவரிடம் கொடுத்துவையுங்கள். ஒவ்வொரு தை மாதமும் அந்தப் பட்டியலோடு சுவர் முன்னால் போய் நின்று, உரிந்த இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.