ஓயாத மெயில் செயின்: வேலை கெடாமல் சமாளிப்பது எப்படி?

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் மலருக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த சமயம். 14 பேர் இருந்த மெயில் செயினில் (ஒரே மெயிலுக்குப் பதில் மேல் பதிலாக நீள்வது), அட்டை நீலமா பச்சையா என்று ஒருவர் கேட்டார். மதியத்துக்குள் 37 மெயில். பாதிக்கு மேல் 'ஓகே', 'கிடைத்தது, நன்றி', 'சூப்பர் சார்' ரகம். டிங் டிங் என்று சத்தம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்ததில், அன்று நான் முடித்தது நாலே பக்கம். அதற்கப்புறம் பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது ஜிமெயில்.

1. முதலில் சத்தத்தை நிறுத்துங்கள்

கம்ப்யூட்டரில் வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள். 'ஜெனரல்' பகுதியில் கொஞ்சம் கீழே இறங்கினால் 'டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன்ஸ்' இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பக்கத்தின் அடியில் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்தாவிட்டால் செய்ததெல்லாம் வீண். நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.

போனில், ஜிமெயில் செட்டிங்ஸில் உங்கள் முகவரியைத் தொட்டு, நோட்டிஃபிகேஷனை 'ஹை பிரையாரிட்டி ஒன்லி' என்று மாற்றுங்கள். அடியோடு நிறுத்த மனம் வராதவர்களுக்கு இது போதும்.

2. பார்க்கும் நேரத்தைக் குறியுங்கள்

எனக்குக் காலை 11, மாலை 4. கூட வேலை செய்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். நிஜமான அவசரம் என்றால் போன் வரும்.

3. திறந்ததும் தரம் பிரியுங்கள்

உங்களுக்கு வேலையே இல்லாத செயினா? அதைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'மியூட்' கொடுங்கள். இனி வரும் பதில்கள் இன்பாக்ஸில் வந்து நிற்காமல் 'ஆல் மெயில்' பகுதிக்குப் போய்விடும். எதுவும் அழியாது, தேடினால் கிடைக்கும். யாரும் உங்களைத் தப்பாக நினைக்கவும் வழியில்லை. நீங்கள் மியூட் செய்தது அவர்களுக்குத் தெரியாது.

வேலை உண்டு, ஆனால் இன்றைக்கு இல்லை என்றால், கடிகாரப் படத்தை அழுத்தி 'ஸ்னூஸ்' செய்யுங்கள். நீங்கள் குறித்த நாளில் அதுவே மேலே வந்து நிற்கும்.

4. செயினை முடிக்கும் பதிலை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். செயின் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பதில்தான். 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று அனுப்பினால் 14 பேரும் சொல்லத்தான் செய்வார்கள். அந்த அட்டை விவகாரத்தில் கடைசியில் நான் அனுப்பியது இது:

"அட்டை நீலம். இறுதிப் பக்கங்களை இணைத்திருக்கிறேன். இனி வர வேண்டியது விளம்பரப் பக்கம் மட்டும். பொருளாளர் அதை வெள்ளி மாலை 5 மணிக்குள் அனுப்பவும். வராவிட்டால் அந்தப் பக்கம் இல்லாமலே அச்சுக்குப் போகும். மற்றவர்கள் பதில் போட வேண்டாம்."

முடிவு என்ன, யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும்? நாலும் அதில் இருந்தன. விளம்பரம் வியாழக்கிழமையே வந்துவிட்டது! கடைசி வரியைக் கொஞ்சம் முரட்டுத்தனம் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

இன்னொன்று: பொருளாளரை மட்டும் 'டு'வில் வைத்து, மற்றவர்களை 'பிசிசி'க்கு (மெயில் போகும், ஆனால் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது) மாற்றியிருந்தேன். அப்படிச் செய்தால் அவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தினாலும் எல்லோருக்கும் போகாது. இப்படி 'பிசிசி'க்கு மாற்றினால் அதை மெயிலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடும்.

5. புது விஷயத்துக்குப் புது மெயில்

அட்டை செயினிலேயே சாப்பாட்டுச் செலவைப் பேச ஆரம்பித்தால், அப்புறம் எதையும் தேடி எடுக்க முடியாது. புது தலைப்பு போட்டுத் தனியாக அனுப்புங்கள்.

6. ராத்திரி எழுதினால் காலையில் அனுப்புங்கள்

'செண்ட்' பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியில் 'ஷெட்யூல் செண்ட்' இருக்கிறது. காலை 9 மணி என்று குறித்துவிட்டுப் படுங்கள். ராத்திரி 11 மணிக்கே அனுப்பினால், தூக்கம் வராத இன்னொருவர் உடனே பதில் போடுவார். அவருக்கு நீங்கள் பதில் போடுவீர்கள்.