லோ கார்ப் ஸ்டடி படிக்கறவங்க பண்ற தப்பு, நானும் பண்ணதுதான்

புதுசா டயட்டீஷியனா சேர்ற பசங்க எந்த ஆராய்ச்சி பேப்பர் குடுத்தாலும் நேரா கடைசி பக்கத்துக்குப் போயி ஃபண்டிங் யாருன்னு பாக்குறாங்க. நல்ல பழக்கம்தான், ஆனா அதோட பேப்பர மூடி வச்சிடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பாகுது.

காசு குடுத்தவங்க பேர பாத்து தீர்ப்பு எழுதறது

2008ல வந்த இஸ்ரேல் டிமோனா ஸ்டடி. 322 பேர், ரெண்டு வருஷம், லோ ஃபேட் (கொழுப்பு கம்மி), மெடிட்டரேனியன் (ஆலிவ் எண்ணெய், காய்கறி, மீன்), லோ கார்ப் (மாவுச்சத்து கம்மி)னு மூணு குரூப். காசுல ஒரு பங்கு, லோ கார்ப் டயட்ட பிரபலமாக்கின டாக்டர் அட்கின்ஸ் பேர்ல இருக்கற ஃபவுண்டேஷனோடது. ஆஸ்பத்திரி மீட்டிங்ல நான் "அட்கின்ஸ் காசு, அட்கின்ஸ் ஜெயிச்சுது, அவ்ளோதான்"னு பெருசா சிரிச்சுகிட்டே சொல்ல, ஓரமா உக்காந்திருந்த சீனியர் அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "லோ கார்ப் குரூப் என்னம்மா சாப்ட்டாங்க?" திருதிருன்னு முழிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி முழுசா படிச்சா, மத்த ரெண்டு குரூப்புக்கும் கலோரி கணக்கு உண்டு, பொம்பளைங்களுக்கு 1500, ஆம்பளைங்களுக்கு 1800, லோ கார்ப்புக்கு மட்டும் கணக்கே கிடையாது. அதுலயும் கொழுப்பும் புரோட்டீனும் சைவமா எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க, முட்டையும் கறியுமா தட்ட நிரப்புற அட்கின்ஸ் எங்க, இது எங்க! ரெண்டு வருஷ முடிவுல அவங்க சாப்ட்ட கலோரில சுமார் 40 சதவீதம் கார்ப்பாவே இருந்துச்சு. எடை கொறஞ்சது லோ ஃபேட் 2.9 கிலோ, மெடிட்டரேனியன் 4.4, லோ கார்ப் 4.7. கடைசி ரெண்டுக்கும் நடுவுல 300 கிராம். கேக்க வேண்டிய கேள்வி இத்தன இருக்க, நான் காச மட்டும் புடிச்சு தொங்கிட்டிருந்தேன்.

காசு குடுத்தா ரிசல்ட்டும் அவங்க பக்கம்தான்னு நெனச்சா, 2016ல வந்த, அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹாலோட ஸ்டடிய பாருங்க. ஃபண்டிங் நுசிங்கற அமைப்பு, பத்திரிகையாளர் கேரி டாப்ஸும் டாக்டர் பீட்டர் அட்டியாவும் 2012ல ஆரம்பிச்சது, கார்ப்தான் வில்லன்னு நம்பினவங்க. 17 ஆம்பளைங்கள மெட்டபாலிக் வார்டுல (சாப்பாட்டயும் உடம்பு செலவழிக்கற சக்தியையும் அங்கயே தங்க வச்சு அளக்கற வார்டு) வச்சு அளந்தாங்க, கீட்டோவுக்கு (கார்ப் ரொம்ப ரொம்ப கம்மியான டயட்) மாறினதும் கொழுப்பு வேகமா கரையும்னு எதிர்பாத்தது நடக்கல. லோ கார்ப் புடிக்காதவங்க கொண்டாடித் தீத்தாங்க. ஆனா எல்லாருக்குமே மொதல் நாலு வாரம் கார்ப், அடுத்த நாலு வாரம் கீட்டோ, வரிசைய யாருக்கும் மாத்திக் குடுக்கல, அதனால மாறுனது டயட்டாலயா நாள் போனதாலயான்னு பிரிச்சு சொல்ல முடியாது. ஃபண்டிங் வரில இது இருக்காது.

எதிர் கோஷ்டி சுத்தம்னு நம்பறது

1967ல நியூ இங்கிலாந்து மெடிக்கல் ஜர்னல்ல, இதய நோய்க்கு சர்க்கரைய விட்டுட்டு கொழுப்பு மேல பழியப் போட்ட ஹார்வர்ட் ரிவ்யூவுக்கு சர்க்கரை கம்பெனிங்க அமைப்பு குடுத்தது சுமார் 6,500 டாலர். வெளிய வந்தது 2016ல.

அப்ஸ்ட்ராக்ட்டோட (பேப்பர் மொதல்ல வர்ற சுருக்கம்) நிறுத்தறது

இதுக்கெல்லாம் ஒரு பாரா எழுத மாட்டேன்.

அப்ப ஃபண்டிங்க பாக்கவே வேணாமா?

பாக்கணும். போன வாரம் ஒரு பொண்ணு லோ கார்ப் வச்சு சுகர் பேஷண்ட்டுகள பாக்குற வர்ட்டா கம்பெனியோட ஸ்டடிய எடுத்துட்டு வந்து "கம்பெனி காசு, எழுதினவங்கள்ல பல பேரு அங்கயே வேலை பாக்குறாங்க, தள்ளுங்கக்கா"ன்னா. சரிடி, யாரு எந்த குரூப்ல போகணும்னு யாரு பிரிச்சாங்கன்னு கேட்டேன். போன எடுத்து கொஞ்ச நேரம் தேடினா.

"லோ கார்ப் வேணுமா வேணாமான்னு பேஷண்ட்டே செலக்ட் பண்ணிக்கிட்டாங்களாம்க்கா."

"ம், இப்ப சொல்லு."