எம்எஸ் படிக்க அமெரிக்கா போகிறவர்களுக்கு: கேம்பஸ் வேலை பிடிப்பது எப்படி

ஆகஸ்டில் விமானம் ஏறப்போகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "போனதும் பார்ட் டைம் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். ஆனால் வீடு பிடித்து, பாத்திரம் வாங்கி, வகுப்பெல்லாம் பழகிய பிறகு நிதானமாகத் தேடலாம் என்று நினைத்தால் அதற்குள் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். இறங்கிய முதல் இரண்டு வாரம்தான் முக்கியம்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், செமஸ்டர் விடுமுறையில் முழு நேரமும் பார்க்கலாம். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் 20. விளம்பரத்தில் "ஃபெடரல் வொர்க் ஸ்டடி" (அமெரிக்க அரசின் மாணவர் உதவித் திட்டம்) என்று போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போங்கள், அது நமக்கானது இல்லை.

தேடுவதற்குப் பல பல்கலைக்கழகங்களில் ஹேண்ட்ஷேக் என்ற தளம் இருக்கிறது, சிலவற்றில் சொந்த போர்ட்டல் இருக்கும். மாணவர் ஐடி கையில் வந்த அன்றே அதில் ப்ரொஃபைல் போட்டுவிடுங்கள். ரெஸ்யூமே ஒரே பக்கம் போதும். ஃபோட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணம் ஆனதா இல்லையா, இது எதுவும் அங்கே தேவையில்லை. ஊரில் கல்லூரி விழாவில் வாலன்டியராக நின்றது, மாமா கடையில் விடுமுறையில் கல்லாவில் உட்கார்ந்தது, இதையெல்லாம் கண்டிப்பாக எழுதுங்கள், ஏனென்றால் இந்த மாதிரி வேலைக்கு அவர்கள் பார்ப்பது உங்கள் சிஜிபிஏவை அல்ல, நேரத்துக்கு வருவீர்களா, நாலு பேரிடம் பேசுவீர்களா என்பதைத்தான்.

என் யோசனை, டைனிங் ஹாலில் ஆரம்பியுங்கள். எப்போதும் ஆள் தேவைப்படும் இடம் அதுதான், பல இடங்களில் ஷிஃப்டில் ஒரு வேளைச் சாப்பாடும் கிடைக்கும். தட்டு கழுவுகிறேன் என்று வீட்டில் சொல்லத் தயங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, பக்கத்தில் நின்று கழுவுகிறவர் அந்த ஊர்ப் பையனாகவே இருப்பார். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொட முடியாது என்றால் இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுங்கள். பேக்கரி, கேஷியர், பாத்திரப் பகுதி என்று மாற்றிக் கேட்கலாம். நூலகம், ஐடி ஹெல்ப் டெஸ்க், ஜிம் வரவேற்பு மேசை எல்லாம் இதைவிட வசதியான வேலைகள்தான், போட்டியும் அதற்கேற்ப அதிகம். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மெயிலுக்குக் காத்திருக்காமல் நேரில் போய் மேனேஜரைப் பார்த்து, எந்தெந்த நேரம் நீங்கள் ஃப்ரீ என்று எழுதிய அட்டவணையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதிகாலை ஷிஃப்டுக்கும் வார இறுதிக்கும் சரி என்று சொல்பவருக்கு வேலை சீக்கிரம் அமையும். முதல் தடவை இல்லை என்றாலும் மிட்டெர்ம் (செமஸ்டர் நடுவில் வரும் தேர்வு) சமயத்தில் மறுபடி போய்க் கேளுங்கள், படிப்புச் சுமை தாங்காமல் சிலர் விலகுவது அப்போதுதான்.

கிரேடர் (விடைத்தாள் திருத்துபவர்), டிஏ (பேராசிரியருக்குப் பாடத்தில் உதவுபவர்) வேலைக்கு ஒரு செமஸ்டர் பொறுக்க வேண்டியிருக்கும். ஒரு பாடத்தில் நல்ல கிரேடு வாங்கிய உடனே அந்தப் பேராசிரியருக்கு ஐந்தாறு வரியில் மெயில் போடுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் அது பார்த்ததும் தெரிந்துவிடும். டிஏ, ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலைகளில் சிலவற்றுக்கு ஃபீஸ் தள்ளுபடியும் சேர்ந்து வரும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

வேலை கிடைத்ததும் பேப்பர் வேலை. துறையிலிருந்து ஆஃபர் கடிதம், சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்), ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எல்லாம் எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனால் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. வேலையில் சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள் ஐ-9 என்ற வேலைத் தகுதி சரிபார்ப்புப் படிவத்துக்கு ஒரிஜினல் ஆவணங்களைக் காட்ட வேண்டும்.

இனி நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்பும் விஷயம். வெளியே ஏதாவது கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ, நம்ம ஊர்க்காரரே நடத்தினாலும், கையில் பணம் தருகிறேன் வா என்று கூப்பிட்டால் போகாதீர்கள். அனுமதியில்லாமல் வெளியே வேலை பார்த்தால் விசா ஸ்டேட்டஸே போய்விடும், பின்னால் ஓபிடி (படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதி), எச்-1பி (வேலை விசா) எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். சம்பளமும் ஒழுங்காகத் தருவார்கள் என்று நம்ப முடியாது, யாரிடமும் போய் முறையிடவும் பயமாக இருக்கும்.

கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். மணிக்கு 15 டாலர் என்று வைத்தால் 20 மணி நேரத்துக்கு வாரம் 300 டாலர், வரி போக இன்னும் குறையும். வாடகைக்கும் மளிகைக்கும் கை கொடுக்கும், ஃபீஸ் கட்ட முடியாது. அதை நம்பி வங்கிக் கடனைக் குறைத்து வாங்காதீர்கள்.

அப்புறம், முதல் சம்பளச் சீட்டு வந்ததும் உட்கார்ந்து படியுங்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கான வரி), மெடிகேர் (முதியோர் மருத்துவத்துக்கான வரி) பிடித்தம் கிடையாது. சேர்த்து 7.65 சதவீதம் அது. பிடித்திருந்தால் உடனே சம்பளம் போடும் பேரோல் அலுவலகத்தில் சொல்லித் திருப்பி வாங்குங்கள்.